பழைய நைட்ரோ எபிசோடுகளுக்கு விமர்சனம் எழுதுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1995 செப்டம்பரிலிருந்து 2001 மார்ச் வரை அமெரிக்காவில் திங்கட்கிழமை தோறும் வந்த ரெஸ்லிங் நிகழ்ச்சி ‘மண்டே நைட்ரோ’. அதை முதல் வாரத்திலிருந்து வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் விமர்சனம் எழுதி வருகிறேன். கேள்விப்படுகிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் ஏதாவது கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

நைட்ரோவா? ரெஸ்லிங் என்றால் டபிள்யூ.டபிள்யூ.எஃப். தானே?

ட்ரம்ப் கார்டில் அண்டர்டேக்கரையும் யோகோசுனாவையும் மோதவிட்டு வளர்ந்த நம் தலைமுறைக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் வின்ஸ் மெக்மானின் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.க்குச் சரிக்குச் சரியாக அட்லாண்டாவில் ஒரு கம்பெனி இருந்தது: டபிள்யூ.சி.டபிள்யூ. முதலாளி, சி.என்.என். தொடங்கிய டெட் டர்னர். மெக்மானின் ‘மண்டே நைட் ரா’ 1993 ஜனவரி 11 முதல் திங்கள் இரவைத் தனியாக ஆண்டுகொண்டிருந்தது. அதே இரவில் தன்னுடைய டி.என்.டி. சேனலில் டர்னர் இறக்கிய போட்டி நிகழ்ச்சிதான் நைட்ரோ. பொறுப்பேற்று நடத்தியவர் எரிக் பிஷாஃப். 1996 ஜூனிலிருந்து 1998 ஏப்ரல் வரை தொடர்ந்து 83 வாரம் நைட்ரோ ராவை ரேட்டிங்கில் முந்தியது. அதற்கு மூன்று வருடம் கழித்து அந்தக் கம்பெனியே இல்லை. இவ்வளவு உயரத்திலிருந்து இவ்வளவு வேகமாக விழுந்த ஒன்றை வாரா வாரம் பின்தொடர்வதில் ஒரு ருசி இருக்கிறது, வேறென்ன சொல்ல.

யார் ஜெயிப்பார் என்று முன்பே பேசி வைத்துக்கொண்டு ஆடுவது. இதில் விமர்சிக்க என்ன இருக்கிறது?

பதினெட்டாம் போர் கூத்தில் துரியோதனன் சாகத்தான் போகிறான் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம். ஆடுகிறவர் எப்படி ஆடினார், எந்த இடத்தில் கூட்டம் நிமிர்ந்தது, கட்டியங்காரன் சொன்னது எடுபட்டதா என்றெல்லாம் மறுநாள் டீக்கடையில் பேசுகிறோம். இதுவும் அதுதான். முடிவை மட்டும் பேசி வைப்பார்கள். அந்த முடிவுக்குக் கூட்டத்தை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் கலை. உடம்பு படுகிற அடி பொய்யில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் எபிசோடிலிருந்தே தொடங்க வேண்டுமா? நேராக என்.டபிள்யூ.ஓ. என்ற வில்லன் கும்பலின் கதைக்குப் போய்விடலாமா?

முதலிலிருந்தே பாருங்கள் என்பேன். ஆரம்பத்தில் ஒரு மணி நேரம்தான், விளம்பரம் போனால் அதற்கும் குறைவு. முதல் நிகழ்ச்சி 1995 செப்டம்பர் 4 அன்று மினசோட்டா மாநிலத்தின் ‘மால் ஆஃப் அமெரிக்கா’ வணிக வளாகத்துக்குள் நடந்தது. கடைகளுக்கு நடுவில் ரிங், மேல்மாடிக் கைப்பிடியில் சாய்ந்து பார்க்கும் ஜனங்கள். முதல் ஆட்டம் பிரையன் பில்மனுக்கும் ஜப்பானின் ஜூஷின் தண்டர் லைகருக்கும். ஷாப்பிங் வந்தவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்திருப்பார்கள், அப்படிப்பட்ட ஆட்டம். அப்புறம் ஸ்டிங்கும் ரிக் ஃபிளேரும் மோதிக்கொண்டிருக்கும்போது லெக்ஸ் லூகர் சாவகாசமாக நடந்து வருகிறார். முந்தின நாள்தான் அவர் டபிள்யூ.டபிள்யூ.எஃப். மேடையில் ஆடியிருந்தார். அந்த ஒரு நடையில், இந்த நிகழ்ச்சியில் எது வேண்டுமானாலும் நடக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அதைப் பார்க்காமல் 1996-க்குத் தாவினால், டபிள்யூ.டபிள்யூ.எஃப்.இல் இருந்த ஸ்காட் ஹால் இங்கே வந்தபோது ஏன் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது என்பது பாதிதான் புரியும்.

ஒரு எபிசோடு பார்க்கும்போது எதையெல்லாம் குறித்துக்கொள்வீர்கள்?

ஒரு நோட்டில் கோடு போட்டு மூன்று கட்டம். முதல் கட்டத்தில் நேரம்: ஆட்டம் எத்தனை நிமிடம், பேச்சு எத்தனை நிமிடம். இரண்டாவதில் ரிங்கிலும் ரிங்குக்கு வெளியிலும் நடந்தது. மூன்றாவதுதான் முக்கியம். அதன் தலைப்பு ‘பாக்கி’.

மளிகைக்கடையில் பாக்கி நோட்டு பார்த்திருப்பீர்கள். வாராந்திர ரெஸ்லிங் ஓடுவதே அந்தக் கணக்கில்தான். இன்றைக்கு ஒருவன் முதுகில் நாற்காலியால் அடிக்கிறான் என்றால், அடி வாங்கியவன் எப்போது திருப்பித் தரப்போகிறான் என்பது பாக்கி. ‘அடுத்த வாரம் இன்னாருக்கும் இன்னாருக்கும் மோதல்’ என்று அறிவித்தால் அதுவும் பாக்கி. இதையெல்லாம் எழுதி வைத்து, எது எத்தனை வாரத்தில் தீர்ந்தது, எது தீராமலே கைவிடப்பட்டது என்று பார்த்தால் நிகழ்ச்சியின் உடல்நிலை தெரிந்துவிடும்.

நைட்ரோ வைத்த மிகப் பெரிய பாக்கி, டபிள்யூ.சி.டபிள்யூ.வின் நாயகன் ஸ்டிங்குடையது. 1996 செப்டம்பரில், என்.டபிள்யூ.ஓ. கும்பல் ஒரு போலி ஸ்டிங்கை உலவவிட, சொந்த ஆட்களே உண்மையான ஸ்டிங்கைச் சந்தேகித்தார்கள். அவர் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசிவிட்டுப் போனார். அதன்பின் வெள்ளை பூசிய முகம், கறுப்புக் கோட்டு, கையில் பேஸ்பால் மட்டை, அரங்கத்தின் கூரை உத்தரங்களில் ஒற்றை உருவம். ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஓர் ஆட்டம் ஆடுவதில்லை. சுமார் பதினைந்து மாதம்! இந்தக் காலத்தில் பதினைந்து நாள் பொறுப்பார்களா தெரியவில்லை. 1997 டிசம்பர் 28 அன்று ‘ஸ்டார்கேட்’ நிகழ்ச்சியில் உலகப் பட்டத்துக்காக ஹல்க் ஹோகனோடு மோதல். ஸ்டிங்கின் தோளை ஹோகன் தரையில் அழுத்தியதும் நடுவர் நிக் பாட்ரிக் ஹோகனுக்குச் சாதகமாக மூன்று வரை அவசர அவசரமாக எண்ணி ஏமாற்ற வேண்டும், அநியாயம் என்று பிரெட் ஹார்ட் ஓடி வர வேண்டும். அதுதான் கதை. பாட்ரிக் சாதாரண வேகத்தில் எண்ணிவிட்டார். அதாவது பதினைந்து மாதம் காத்திருந்த நாயகன், பார்க்கிறவர் கண்ணுக்கு நியாயமாகவே தோற்றுவிட்டான். பிறகு ஆட்டத்தை மறுபடி தொடங்கி ஸ்டிங் ஜெயித்ததாக்கினார்கள். பதினோரே நாளில், புதிதாகத் தொடங்கிய ‘தண்டர்’ நிகழ்ச்சியில் அந்தப் பட்டத்தையும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். என் நோட்டில் அந்தப் பக்கத்தில் பேனாவை அழுத்திக் கிழித்த தடம் இருக்கிறது.

ஆட்டங்களுக்கு ஏன் நட்சத்திரம் போடுவதில்லை?

ரெஸ்லிங் செய்தியாளர் டேவ் மெல்ட்சரின் செய்திமடல் வழியாகப் பரவிய முறை அது. ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பிடுவது அரை மணி நேரம் ஓடுகிற பெரிய ஆட்டத்துக்குச் சரி. நைட்ரோவில் பல ஆட்டம் நான்கு நிமிடம், நடுவில் ஒரு விளம்பரம் வேறு. அதற்கு இரண்டே கால் நட்சத்திரம் என்று எழுதி யாருக்கு என்ன பயன்?

இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த நிகழ்ச்சியின் மிகச் சிறந்த சில நிமிடங்களில் ரெஸ்லிங்கே இல்லை. 1998 மார்ச் 30-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டீன் மலெங்கோவுக்கு ஆயிரம் பிடி தெரியும் என்று பெயர். கிறிஸ் ஜெரிக்கோ வந்து, எனக்கு 1,004 தெரியும் என்று ஒரு நீளமான காகிதத்தை விரித்துப் படிக்கத் தொடங்குகிறார். ஒன்றுவிட்டு ஒன்று, கையை முறுக்கும் ‘ஆர்ம்பார்’ என்ற பிடியே வருகிறது. விளம்பரம் போய்த் திரும்பி வந்தால் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார். கூட்டம் ஊளையிடுகிறது. இதற்கு எத்தனை நட்சத்திரம் போடுவீர்கள்? 1996 ஜூலை 29 அன்று ஆர்லாண்டோவில் கெவின் நாஷ், குட்டி உருவமான ரே மிஸ்டீரியோவைத் தூக்கி ஈட்டி எறிவது போல ட்ரெய்லர் வண்டியின் பக்கவாட்டில் எறிந்தார். மூன்று நொடி இருக்குமா? மற்ற எல்லாவற்றையும் மறந்தவர்களுக்கும் அது ஞாபகம் இருக்கிறது.

பின்னால் நடக்கப்போவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது போல எழுதுவது நடிப்பில்லையா?

இதுதான் உண்மையிலேயே கஷ்டமான கேள்வி.

தெரியாதது போல நான் எழுதுவதில்லை. அன்றைக்குத் தெரிந்தது எது, பிறகு தெரிந்தது எது என்று பிரித்து எழுதுகிறேன். 1996 மே 27 அன்று ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் ஏதோ ஒரு சின்ன ஆட்டம் நடக்கும்போது ஸ்காட் ஹால் கூட்டத்துக்குள்ளிருந்து ஜீன்ஸ் ஜாக்கெட்டோடு ஏறி வந்து மைக்கைக் கேட்கிறார். நான் யார் என்று உங்களுக்குத் தெரியும், ஏன் வந்திருக்கிறேன் என்று தெரியாது, என்கிறார். அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. டபிள்யூ.டபிள்யூ.எஃப்.இல் ‘ரேஸர் ரமோன்’ என்று பேசிய அதே குரலில் பேசுகிறார். ‘இந்த இரவில் என்.டபிள்யூ.ஓ. பிறந்தது’ என்று பலரும் எழுதுகிறார்கள். தவறு. அந்தப் பெயரே ஜூலை 7 அன்று, ஹோகன் வில்லனாக மாறிய இரவில்தான் வந்தது. மே மாதம் அதைப் பார்த்தவர்கள் நினைத்தது வேறு: எதிர்க் கம்பெனி நிஜமாகவே படையெடுத்து வந்துவிட்டது! டபிள்யூ.டபிள்யூ.எஃப். வழக்குப் போடும் அளவுக்கு அந்தத் தோற்றம் பலமாக இருந்தது. அந்தக் குழப்பத்தை விமர்சனத்தில் காட்டாவிட்டால் அந்த எபிசோடைப் பார்த்ததாகவே அர்த்தமில்லை.

எதிர்ப்பக்கத்து உதாரணம் 1999 ஜனவரி 4. ரெஸ்லிங் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள்கூட ‘ஒற்றை விரலால் கம்பெனி செத்தது’ என்று சொல்லும் இரவு. நடந்தது இது. அட்லாண்டாவில் ஜார்ஜியா டோம். கோல்ட்பர்குக்கும் நாஷுக்கும் மோதல் என்று சொல்லிக் கூட்டத்தைச் சேர்த்தாயிற்று. அந்த ஊரின் செல்லப்பிள்ளையான கோல்ட்பர்கைக் கதைப்படி போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. பதிலுக்கு ஹோகன் வருகிறார், நாஷின் நெஞ்சில் ஒரு விரலால் குத்துகிறார், ஏறக்குறைய ஏழடி உயர மனிதர் மரம் சாய்வது போல விழுகிறார், பட்டம் ஹோகனுக்கு. அதே இரவில் ராவில், முன்பே பதிவு செய்திருந்த நிகழ்ச்சியில், மிக் ஃபோலி பட்டம் வெல்லப்போகிறார் என்பதை வர்ணனையாளர் டோனி ஷியவோனி மேலிடத்து உத்தரவின் பேரில் ஏளனமாகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் லட்சக்கணக்கானோர் சேனலை மாற்றி ஃபோலி ஜெயிப்பதைப் பார்க்கப் போனார்கள். அன்றைய ரேட்டிங் ராவுக்கு 5.7, நைட்ரோவுக்கு 5.0.

சுவையான கதைதான். ஆனால் வாரா வாரம் பார்த்து வந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நோய் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1998 முழுவதும் என் நோட்டைப் புரட்டினால், கடைசி ஆட்டம் யாராவது நான்கு பேர் உள்ளே புகுந்து முடிவில்லாமல் கலைவது வாரத்துக்கு வாரம் வருகிறது. பாக்கிக் கட்டம் நிரம்பி வழிகிறது, தீர்ந்ததற்கான அடித்தல் குறைந்துகொண்டே போகிறது. அந்த விரல் அதன்மேல் வைத்த முற்றுப்புள்ளி, அவ்வளவுதான். அந்த இரவிலும் என்னை எரிச்சல்படுத்தியது விரல் இல்லை, அதற்கு முன் மணிக்கணக்கில் இழுத்த போலீஸ் ஸ்டேஷன் காட்சிகள்.

ரேட்டிங் எண்களைக் கொடுக்க வேண்டுமா?

கொடுக்கலாம், அளவோடு. ஒரு புள்ளி என்பது அந்தச் சேனல் வருகிற வீடுகளில் நூற்றில் ஒன்று என்று ஒரு முறை விளக்கிவிடுங்கள். எண் அதிகம் என்பதால் எபிசோடு நல்லது என்று ஆகிவிடாது. 1998 ஏப்ரல் 13 அன்று ரா 4.6, நைட்ரோ 4.3, அந்த நீண்ட வெற்றி வரிசை அறுந்த நாள். காரணம் நைட்ரோ அன்று மோசமாக இருந்ததல்ல. அந்தப் பக்கம் ஸ்டீவ் ஆஸ்டின் தன் முதலாளி மெக்மானையே அடிக்கப்போவதாக அறிவித்திருந்தார்கள். முதலாளியை அடிப்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அப்படியானால் அதே இரவின் ராவையும் பார்க்க வேண்டுமோ?

எல்லா வாரமும் வேண்டாம், வீட்டில் சோறு கிடைக்காது. பிஷாஃப் நேரலையில் எதிர் நிகழ்ச்சியின் முடிவுகளைப் போட்டு உடைக்கிற வாரங்களில் மட்டும் பாருங்கள். ராவின் பல எபிசோடுகள் அப்போது முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டதால் அவரால் அது முடிந்தது.

இப்போது கிடைக்கும் பிரதிகள் அன்று ஒளிபரப்பானதேதானா?

முழுக்க இல்லை. உரிமை வாங்கிப் பயன்படுத்திய சில நுழைவுப் பாடல்களுக்குப் பதில் வேறு இசையை ஒட்டியிருப்பார்கள். ஹோகன் வரும்போது கூட்டத்தின் இரைச்சலும் புது இசையும் ஒட்டாமல் நிற்பது காதுக்கே தெரியும். பழைய ரா எபிசோடுகளில் சில பிரதிகளில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். சின்னம் மங்கலாக்கப்பட்டிருக்கும். பாண்டாக் கரடிச் சின்னத்து வனவிலங்கு அமைப்பு அதே மூன்றெழுத்துக்காக வழக்காடி ஜெயித்து, 2002-இல் கம்பெனி பெயரையே மாற்ற வைத்ததன் விளைவு அது. இசை சரியில்லை என்று எழுதும் முன், எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்று சொல்லிவிடுவது நியாயம்.

கிறிஸ் பெனுவாவைப் பற்றி என்ன செய்வீர்கள்?

2007 ஜூனில் அவர் தன் மனைவி நான்சியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தானும் இறந்தார். நைட்ரோவில் அவர் பல வருடம் ஆடியிருக்கிறார். நான்சியும் ‘வுமன்’ என்ற பெயரில் அதே நிகழ்ச்சியில் ரிங் ஓரம் நிற்கிறார். போதாததற்கு, நான்சியின் அப்போதைய கணவர் கெவின் சல்லிவன், தன்னை விட்டு அவர் பெனுவாவிடம் போவதாகத் தானே கதை எழுதினார். வாழ்க்கையிலும் பின்னர் அதுவே நடந்தது.

அந்த ஆட்டங்களைத் தாண்டிப் போவதில்லை, பெயரை மறைப்பதுமில்லை. என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதுகிறேன். புகழ்ந்து எழுதக் கை வருவதில்லை. நான்சி திரையில் வரும் காட்சிகளில் அவருடைய வேலையைப் பற்றி எழுதுகிறேன். அவர் நல்ல நடிகை, அதை யாரும் சொல்வதில்லை.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் சின்ன வயதில் போய்விட்டார்கள்! முதல் எபிசோடின் முதல் ஆட்டம் ஆடிய பில்மன் 1997-இல் 35 வயதில். எடி குரேரோ 2005-இல் 38 வயதில். தலையில் இரும்பு நாற்காலி படும் சத்தத்தை இப்போது ரசித்து எழுத முடியாது.

இன்றைய கண்ணுக்கு உறுத்தும் விஷயங்களை எப்படி எழுதுவது?

நேராக. 1995 டிசம்பரில், டபிள்யூ.டபிள்யூ.எஃப்.இலிருந்து வந்த மடூசா என்ற வீராங்கனை அந்தக் கம்பெனியின் பெண்கள் பட்டத்தை நேரலையில் குப்பைத் தொட்டியில் போட்டார். எல்லோரும் அந்தத் தைரியத்தைப் பேசுகிறார்கள். பட்டத்தை எறியச் சொன்னவர்கள் அதன்பின் பெண்கள் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்று நிமிடக் கணக்குப் பாருங்கள், வெட்கமாக இருக்கும். மெக்சிகோ வீரர்களும் அப்படித்தான். நிகழ்ச்சியின் முதல் மணி நேரத்தைப் பறந்து பறந்து காப்பாற்றியவர்கள் அவர்கள். அந்த மரபில் முகமூடி மானத்துக்குச் சமம். 1999 பிப்ரவரியில் மிஸ்டீரியோவின் முகமூடியைக் கழற்ற வைத்தார்கள், அதனால் கதைக்கு ஒரு லாபமும் இல்லை.

போரடிக்கும் எபிசோடை என்ன செய்வது?

போரடித்தது என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். 1998 ஜனவரி இறுதியில் நிகழ்ச்சி மூன்று மணி நேரமாகிவிட்டது. 2000-இல் சில வாரங்களுக்கு நான் எழுதியது ஆறு வரிதான்.

‘பேபிஃபேஸ்’, ‘ஹீல்’ போன்றவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நல்லவன், வில்லன். நம் சினிமா நமக்கு இதைச் செய்து வைத்திருக்கிறது. ‘பிராமோ’ (மைக் பிடித்துப் பேசும் பேச்சு), ‘பின்’ (தோளைத் தரையில் அழுத்தி ஜெயிப்பது), ‘டேக் டீம்’ (ஜோடி ஆட்டம்) எல்லாம் அப்படியே இருக்கட்டும். ரெஸ்லிங்கை மட்டும் மல்யுத்தம் என்று எழுதுவதில்லை. மல்யுத்தம் என்றால் கண்முன் வருவது ஒலிம்பிக், இதற்கு அந்தச் சொல்லைக் கொடுத்தால் இரண்டுக்குமே பொருந்தாது.

கடைசி எபிசோடை எப்படி எழுதப்போகிறீர்கள்?

ஒரு முறை பார்த்துவிட்டேன், இன்னும் எழுதவில்லை. 2001 மார்ச் 26, ஃபுளோரிடாவின் பனாமா சிட்டி பீச். டர்னரின் சேனல்கள் ரெஸ்லிங்கே வேண்டாம் என்று முடிவு செய்துவிட, கம்பெனியை மெக்மான் வாங்கிவிட்டார். தொடக்கத்திலேயே திரையில் அவர் முகம். ஸ்காட் ஸ்டைனரைத் தோற்கடித்து புக்கர் டி பட்டம் வாங்குகிறார், ஒரு வாரமாவது முன்பே கொடுத்திருக்கலாம். கடைசி ஆட்டம், முதல் இரவில் மோதிய அதே ஸ்டிங்கும் ஃபிளேரும். ஃபிளேர் டி-ஷர்ட்டைக் கழற்றாமலே ஆடுகிறார். இருவருக்கும் மூச்சு வாங்குகிறது. முடிந்ததும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் ஷேன் மெக்மான் ரிங்குக்குள் வந்து, அப்பாவுக்குத் தெரியாமல் இந்தக் கம்பெனியைத் தான் வாங்கிவிட்டதாகச் சொல்கிறார். பழக்க தோஷத்தில் அதை மூன்றாவது கட்டத்தில் பாக்கியாக எழுதிவிட்டேன். பிறகுதான் உறைத்தது: அது ராவின் கணக்கு.